புழுக்கத்தில் தண்ணீர் விசிறுவது

சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, உள்ள காரில் அந்தக் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீரும் மெத்தனோல் என்ற எரிசாராயமும் கலந்து விசிறும் வேலையைத் தொடங்கப் போகிறேன் என்று கொழும்பில் கார்ப் பைத்தியம் உள்ள யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: இந்தப் புழுக்கத்தில் அது எடுபடாது. குளிர் நாடுகளில் சரி, வறண்ட நாடுகளில் சரி, இங்கே காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்து கிடக்கிறது, அதற்குள் இன்னும் தண்ணீரை விசிறினால் அது ஆவியாக இடம் எங்கே என்பார்கள். வத்தளையில் என் காரைப் பார்க்கும் அண்ணையும் இதையேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்ன விதம்தான் என்னைப் பல நாள் விடாமல் அரித்தது. "தம்பி, எங்கட வீட்டு மண்பானைத் தண்ணி சோளகக் காத்துக்குச் சில்லெண்டு இருக்கும். அதே பானையை வெள்ளவத்தையில கொண்டுவந்து வைச்சுப் பாரும், அவ்வளவு குளிராது. காத்துக்குள்ள இவ்வளவு ஈரம் இருக்கேக்க நீர் இன்னும் தண்ணி விசிறி என்ன செய்யப் போறீர்?"

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், பானையைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆவியாதலால்தான் பானை குளிர்கிறது, காற்றில் ஈரம் கூடினால் ஆவியாதல் குறைகிறது. தண்ணீர் விசிறுவதும் ஆவியாதலை நம்பித்தான் நடக்கிறது என்றால், கொழும்பில் அது தோற்கத்தானே வேண்டும்? பிழை எங்கே இருக்கிறது என்று என்னால் சுட்டிக்காட்ட முடியாத வாதம் அது. அப்படிப்பட்ட வாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு காசு செலவழிக்க எனக்கு மனம் வராது.

என் கார் ஏஇ101 லெவின். உள்ளே இருப்பது டொயோட்டாவின் 4ஏ-ஜிஇசட்இ எஞ்சின், 1.6 லீற்றர், எஸ்சி12 சூப்பர்சார்ஜர். இந்த எஞ்சினைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் குறையும் எல்லோருக்கும் தெரியும்: இது ரூட்ஸ் வகை. காற்றை உள்ளேயே அமுக்காமல் அள்ளித் தள்ளும். அதனால் அமுக்கத்தோடு சூடும் கூடவே வரும். சின்ன புல்லி போட்டு அதை வேகமாகச் சுழலவிட்டு, பூஸ்டை, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் ஏறும் அமுக்கத்தை, 0.7 பாருக்குக் கொண்டுபோனால், 31 டிகிரியில் உள்ளே போன காற்று 120 டிகிரி அளவில் வெளியே வரும். அந்தச் சூட்டில் ஒரு பங்கை இன்டர்கூலர் என்ற காற்றுக் குளிர்விப்பான் எடுக்கும். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில், சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் நாட்களில், காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை ஊர்ந்து போன பிறகு அந்த இன்டர்கூலரில் கை வைக்க முடியாது. அதற்குப் பிறகு த்ரொட்டிலை முழுக்க மிதித்தால் எஞ்சின் நொக் அடிக்காமல், அதாவது பெற்றோல் கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தாக்காமல், என்ன செய்யும்?

இதற்கு வழக்கமான மருந்து டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுப்பது, நொக்கைக் கூடுதலாகத் தாங்கும் 95 ஒக்டேன் பெற்றோலை நம்புவது. ஆனால் 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற யாரும் இனி 95 எப்போதும் கிடைக்கும் என்று நம்பி ஒரு எஞ்சினை டியூன் செய்ய மாட்டார்கள். கியூஆர் குறியைக் காட்டிக் கிடைத்ததை அடித்துக்கொண்டு வந்த காலம் அது. 92ஐ ஊற்றிய நாளிலும் உடையாத எஞ்சின்தான் எனக்கு வேண்டும். தண்ணீர் விசிறுவது என்ற யோசனை வந்ததே அதனால்தான், குதிரைவலுவைக் கூட்டுவதற்கு அல்ல.

காற்றுக்குள் இடம் இருக்கிறதா

முதலில் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 31 டிகிரி, 75 சதவீத ஈரப்பதன், அதாவது கொழும்பின் சாதாரண மதியம். அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கிறது. இதே காற்று சூப்பர்சார்ஜருக்குள் போய் 0.7 பார் பூஸ்டோடு 120 டிகிரியில் வெளியே வரும்போது அதன் ஈரப்பதன் மூன்று சதவீதம். பாலைவனத்துக் காற்றைவிட வறண்டது. இன்டர்கூலரைத் தாண்டி 60 டிகிரிக்கு இறங்கிய பிறகும் முப்பது சதவீதத்தை எட்டாது. தண்ணீர் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் சூடேறிய காற்றால் எவ்வளவோ கூடுதலாக நீராவியைத் தாங்க முடியும். நாம் வியர்த்து ஊற்றும் அதே காற்று, எஞ்சினுக்குள் போனதும் தாகத்தோடு இருக்கிறது.

இந்தக் கணக்கை அண்ணையிடம் காட்டினேன். அவர் மறுக்கவில்லை. "சரி, இடம் இருக்கு. நேரம் இருக்கோ?" என்றார். நல்ல கேள்வி. தண்ணீரை விசிறும் நொஸிலிலிருந்து எஞ்சின் வால்வு வரை ஒரு துளி பயணப்படும் நேரம் சில மில்லிசெக்கன்கள்தான். அதற்குள் எவ்வளவு ஆவியாகும்? முழுவதும் ஆவியானால் என் எஞ்சினுக்குக் கொடுக்கும் அளவு தண்ணீர் காற்றை 35 டிகிரிக்கு மேல் குளிர்விக்கும். ஆனால் வழியில் அது முழுவதும் ஆவியாவதில்லை, ஒரு பங்குதான். மிச்சம் துளியாகவே சிலிண்டருக்குள் போகும். மிச்சம் வீண் என்பது அண்ணையின் கட்சி. பேப்பர் கணக்கு அதோடு நின்றுவிட்டது. பூட்டித்தான் பார்க்க வேண்டும்.

பூட்டிய வேலையை விலாவாரியாகச் சொல்லப் போவதில்லை, ஆனால் இரண்டு விஷயம் இந்த எஞ்சினுக்கென்றே உண்டு. 4ஏ-ஜிஇசட்இ இல் காற்றைத் திறந்து மூடும் த்ரொட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறது. அதனால் சும்மா ஓடும்போது சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் உள்ள குழாய் முழுக்க வெற்றிடம். நொஸிலை அங்கே பூட்டினால், பம்ப் ஓய்வில் இருக்கும்போதும் அந்த வெற்றிடம் தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் இருமும், தொட்டி தானாக வற்றும். நொஸிலுக்கு முன்னால், மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலனொயிட் வால்வு போட்டே ஆகவேண்டும். அதை நொஸிலுக்கு எவ்வளவு கிட்டப் போட முடியுமோ அவ்வளவு கிட்டப் போட வேண்டும். இரண்டாவது விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எஞ்சினின் புகையால் சுழலும் டர்போவில் பூஸ்ட் ஏற ஒரு கணம் எடுக்கும், அந்தக் கணத்தில் பம்ப் தயாராகிவிடும். சூப்பர்சார்ஜரில் கால் கீழே போன அந்த நொடியே பூஸ்ட் நிற்கும். குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் எஞ்சின் நொக் அடித்து முடித்திருக்கும். டர்போவுக்கென்று எழுதிய வழிகாட்டல்களை அப்படியே சூப்பர்சார்ஜருக்குப் பின்பற்றுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

நொஸிலின் அளவு: முழு பூஸ்டில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் பெற்றோல் குடிக்கும். விசிறும் அளவு பெற்றோலில் பத்திலிருந்து இருபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. நாங்கள் நிமிடத்துக்கு 140 மில்லிலீற்றரில் நின்றோம். இரண்டு லீற்றர் தொட்டி முழு பூஸ்டில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கொழும்பில் முழு பூஸ்டில் கால் மணி நேரம் ஓட எங்கே வீதி இருக்கிறது? ஒரு தொட்டி வாரக்கணக்கில் போகும்.

சென்சர் சொன்ன பொய்

காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றியது நல்ல வெயில் நேரத்தில். வேண்டுமென்றே அந்த நேரத்தைத்தான் கேட்டோம். முதலில் விசிறாமல் ஓடவிட்டோம். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மனிஃபோல்டில் இருக்கும் சென்சர் உள்ளே போகும் காற்று 62 டிகிரி என்றது. அப்புறம் வெறும் தண்ணீரை, மெத்தனோல் சேர்க்காமல், விசிறிவிட்டோம். திரையில் 62 மளமளவென்று இறங்கி 43இல் வந்து நின்றது. கராஜில் நின்ற பெடியன்கள் கைதட்டினார்கள். எனக்கும் மனம் நிறைந்தது. பானை வாதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அண்ணை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பொனட்டுக்குள் குனிந்து, அந்தச் சென்சரைக் கழற்றி வெளியே எடுத்தார். அதன் நுனியில் தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொண்டே, "இது காத்தை அளக்கேல்லை. தன்ர ஈரத்தை அளக்குது" என்றார்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. வானிலை அவதான நிலையங்களில் இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், ஒன்று வறண்டது, மற்றது ஈரத்துணி சுற்றியது. ஈரத்துணி சுற்றியது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அந்த வித்தியாசத்திலிருந்துதான் ஈரப்பதனைக் கணிப்பார்கள். என் சென்சர் அந்த ஈரத்துணி வெப்பமானியாக மாறிவிட்டிருந்தது. பிறகு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 60 டிகிரியும் முப்பது சதவீத ஈரமும் உள்ள அமுங்கிய காற்றில் நனைந்த சென்சர் ஒன்று 42 டிகிரி அளவில்தான் காட்ட வேண்டும். நாங்கள் கண்டது 43. அதாவது அந்த அழகான இறக்கத்தில் பெரும்பகுதி காற்றில் நடந்ததல்ல, சென்சரின் தோலில் நடந்தது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. காற்று 43 டிகிரி என்று நம்பிய ஈசியூ, அதாவது எஞ்சினை ஆளும் கணினி, நல்ல குளிர்காற்று வந்துவிட்டது என்று டைமிங்கைத் தானாகவே முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சென்சருக்கு முன்னால் நொஸிலைப் பூட்டி, வெப்பநிலை எவ்வளவு இறங்கியது பார் என்று திரையைப் படமெடுத்துப் பகிர்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களை இப்போது பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சென்சரை நொஸிலுக்கு முன்னால், தண்ணீர் படாத இடத்துக்கு மாற்றினோம். திரும்பவும் ஓட்டம். விசிறாமல் 62. விசிறினால் 62. நொஸிலுக்கு முன்னால் இருப்பது பின்னால் நடப்பதை அறியாதுதான், அது தெரிந்ததே. ஆனாலும் அசையாமல் நிற்கும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவ்வளவு வேலையும் எதற்கு என்ற சோர்வு வரத்தான் செய்தது. அண்ணை எஞ்சின் பிளொக்கில் நொக் கேட்கும் மைக்கைப் பூட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். டைமிங்கை ஒரு டிகிரி முன்னுக்கு வைக்கச் சொன்னார். விசிறாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டியதும் கையைத் தூக்கினார், நொக் கேட்கிறது என்று. உடனே கால் எடுத்தோம். அதே டைமிங், அதே 62 டிகிரி, அதே பெற்றோல், இப்போது தண்ணீரோடு. 5,000, 6,000, 7,000. கை எழும்பவில்லை. இன்னொரு டிகிரி. கை எழும்பவில்லை. இன்னொன்று. ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். உள்ளே எஞ்சினின் சீரான இரைச்சலைத் தவிர வேறொன்றுமில்லை. பிறகு அவரே போய்ப் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடவிட்டார். 4,500க்கே கல்லை உடைப்பது போன்ற அந்தச் சத்தம் காதில் விழுந்தது. பிடுங்கி எறியாத குறையாக ஹெட்போனைக் கழற்றினேன்.

மிச்சத் துளி வீண் அல்ல என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது அந்த இடத்தில்தான். ஆவியாகாமல் சிலிண்டருக்குள் போன துளிதான் பெரிய வேலையைச் செய்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே சில நூறு டிகிரி. அங்கே துளி ஆவியாகும்போது ஒரு கிராமுக்கு இரண்டேகால் கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொள்கிறது. மெத்தனோல் அதில் பாதியை எடுக்கும், பெற்றோல் ஆறில் ஒரு பங்கை. வந்த நீராவியும் சும்மா இருப்பதில்லை, எரியும் வேகத்தைக் கொஞ்சம் தணித்து, மூலையில் எரியக் காத்திருக்கும் கலவை தானாக வெடிக்காமல் பிடித்து வைக்கிறது. வெளியே ஈரப்பதன் 75ஆ 95ஆ என்பது அங்கே எட்டாத சங்கதி. சிலிண்டருக்குள் கொழும்பு இல்லை. அண்ணையின் பானைக் கணக்கு சரி, பானை இருக்கும் இடம்தான் வேறு.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் கட்சியிலும் ஒரு உண்மை உண்டு. கொழும்புக் காற்றில் இருக்கும் நீராவியே நொக்கைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆனால் அது ஒட்சிசனின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது, கனவளவில் ஏறத்தாழ மூன்று சதவீதம். துளியாகப் போகும் தண்ணீர் பிடிக்கும் இடம் அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

எவ்வளவு மெத்தனோல்

இதற்குப் பிறகு டியூனிங் என்பது வேறு வேலையாகிவிட்டது. வெப்பநிலை எண்ணைப் பார்த்து அல்ல, காதையும் பிளக்கையும் பார்த்து. மெத்தனோலைப் பாதிக்குப் பாதி கலப்பதுதான் ஊர் வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர்விமானங்களுக்கு ஊற்றிய எம்டபிள்யூ 50 என்ற கலவையும் ஏறத்தாழ அதே விகிதம்தான். மேலே, உறையும் குளிரில் தண்ணீர் கட்டிபடாமல் இருக்க அவர்களுக்கு மெத்தனோல் வேண்டியிருந்தது. வத்தளையில் எதுவும் உறையாது. மெத்தனோலின் ஒக்டேன் நன்மை உண்மை, ஆனால் அது எரிபொருளும்தான். அதற்கு ஏற்ப லாம்டா, அதாவது எரிபொருளுக்கு எவ்வளவு காற்று என்ற அளவு, இறங்கும். விசிறல் நின்றால் அதே அளவு ஏறும். மெத்தனோல் கூடக் கூட, விசிறல் நிற்கும் கணம் ஆபத்தாகிறது. நாங்கள் முப்பது சதவீதத்தில் நிறுத்தினோம். லாம்டா 0.82இலிருந்து 0.80க்கு மட்டும் போகிறது. பெற்றோலைக் குறைத்து அதைச் சமன்செய்யவில்லை, வேண்டுமென்றே அப்படியே விட்டோம்.

டைமிங் விசிறாமல் தாங்கும் அளவைவிட மூன்று டிகிரி முன்னால். நான்காவது டிகிரிக்கும் நொக் வரவில்லை, ஆனால் டைனோவில் வலுவும் கூடவில்லை. கூடாத இடத்தில் நிறுத்துவதுதான் நியாயம். விசிறலை 0.3 பாரில் தொடக்கி 0.6இல் முழுமையாக்கினோம். அதற்கு முன்னால் தொடக்கினால் எஞ்சின் தடுமாறுகிறது. பிளக் இடைவெளியையும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை: வடித்த தண்ணீர் மட்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரென்றால் சொல்லவே வேண்டாம், கேத்திலின் அடியில் படியும் அந்தச் சுண்ணாம்பு நொஸிலை அடைத்துவிடும்.

மெத்தனோலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. பார்வைக்கு அது தண்ணீர். கொஞ்சம் குடித்தாலே கண் போகும், உயிர் போகும். தோலாலும் உள்ளே போகும். பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. எங்கள் வீடு மாடிவீடு, சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் இடம். அங்கே ஒரு துளியும் கொண்டுபோவதில்லை. கராஜில் பூட்டிய அலுமாரிக்குள், மூன்று மொழியிலும் நஞ்சு என்று எழுதிய கானில் இருக்கிறது. கலப்பதும் அங்கேதான், கையுறையோடு, வெளியில் வைத்து. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் காருக்குள் வைத்திருப்பவர்களோடு நான் இந்த விஷயம் கதைக்க மாட்டேன், முதலில் அதை எடுத்து வெளியே வை என்பேன்.

தொட்டி வற்றினால்

ஹெட்போனில் கேட்ட அந்தச் சத்தம்தான் மிச்ச வேலையைத் தீர்மானித்தது. டைமிங் மூன்று டிகிரி முன்னால் இருக்கும்போது தண்ணீர் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இனி யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் மிதவை போட்டு ஒரு சின்ன விளக்கை எரியவிடுவது போதாது. தொட்டி நிறைந்திருக்கும்போதே நொஸில் அடைக்கலாம், குழாய் கழன்றுவிடலாம், பம்ப் செத்துவிடலாம். விளக்கு எரிவதைப் பார்த்துக் கால் எடுக்க மனிதனுக்கு ஒரு செக்கன் வேண்டும், எஞ்சின் அவ்வளவு நேரம் தராது.

1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற காரை டர்போவோடு விற்றார்கள். அதற்கும் தண்ணீர்-மெத்தனோல் விசிறல் இருந்தது. திரவத்துக்கு டர்போ ரொக்கெட் ஃப்ளூயிட் என்று பெயர். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். ஆனால் தொட்டி வற்றினால் பூஸ்டைத் தானே குறைக்கும் ஏற்பாட்டை அதைச் செய்தவர்கள் அப்போதே வைத்திருந்தார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் பொறியியலாளர்கள் சிந்தித்ததை இன்று நாம் ஒரு விளக்கோடு விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. எஸ்சி12இன் முன்பக்கத்தில் காந்தக் கிளட்ச் இருக்கிறது, மின்சாரம் போனால் சூப்பர்சார்ஜர் சுழலாது, காற்று பைபாஸ் வழியாகப் போய்விடும். நொஸிலுக்குப் போகும் குழாயில் ஓட்டத்தை அளக்கும் சென்சர் ஒன்றைப் பூட்டி ஈசியூவோடு இணைத்தோம். அந்த பூஸ்டுக்கு வரவேண்டிய ஓட்டம் வராவிட்டால், டைமிங் அதே கணம் பழைய இடத்துக்குப் போகிறது, கிளட்சும் விடுபடுகிறது. தற்காலிகமாக அல்ல, சாவியை அணைத்துத் திரும்பப் போடும் வரை. ஓடும்போதே, சுற்று கூடிய நிலையில், கிளட்ச் திரும்பப் பிடிப்பது அதற்கு நல்லதல்ல.

இதைச் சோதித்துப் பார்க்காமல் காரை எடுக்க மாட்டேன் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டேன். ஒரு முறை தொட்டியை வற்றவிட்டு, ஒரு முறை பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, ஒரு முறை நொஸிலை அடைத்து. மூன்றிலும் பூஸ்ட் விழுந்தது, ஹெட்போனில் ஒரு நொக்கும் கேட்கவில்லை. 92 ஊற்றியும் பார்த்தோம், டைமிங்கில் ஒரு டிகிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நான்கும் ஒரே நிறமில்லை. காற்று வளையும் இடத்தில் துளி வளைவதில்லை, நேரே போய் மோதும். அதனால் ஒரு நொஸிலிலிருந்து நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் பிரிவதில்லை. குறைவாகக் கிடைக்கும் சிலிண்டரைப் பார்த்துத்தான் இப்போதைய டைமிங்கை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கிளைக்குழாயிலும் தனித்தனிச் சின்ன நொஸில் பூட்டுவதுதான் சரியான வழி. ஓடும் காரின் மனிஃபோல்டில் துளை போட மனமில்லாமல், அண்ணை உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய மனிஃபோல்ட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார்.